அண்ணளவாக ஒரு மலை

"இன்னைக்கு எத்தனை?"

"ஏழு."

"நேத்து ஆறுன்னுதானே சொன்னீங்க?"

"நேத்து ஆறு, இன்னைக்கு ஏழு. நானா கூட்டுறேன்? அது கூட்டுது."

பொன்னையா கட்டிலில் படுத்தபடியே தீக்குச்சிகளை ஒன்றோடொன்று ஒட்டிப் பிடித்துச் சுவர் வெடிப்புக்குள் செருகி அளப்பார். ஏழு குச்சி அகலம் என்றால் வெடிப்பு சுண்டுவிரலைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். முப்பது வருஷம் தேயிலையில் கவ்வாத்து வெட்டிய ஆள். சீனி வருத்தத்தில், அதாவது சர்க்கரை நோயில், இடது கால் முழங்காலோடு போன பிறகு அவருக்குப் பேச்சுத் துணை மனைவி ஜெயலெட்சுமி. அவள் கொழுந்து பறிக்கப் போன பிறகு இந்த வெடிப்பு.

"அதுகிட்ட என்னதான் பேசுறீங்க?"

"எங்க போறன்னு கேட்டேன். வாசல் வழியா மலைக்குப் போறேங்குது. பெரட்டுக்குப் பேர் குடுத்துட்டியான்னு கேட்டேன்."

வெடிப்பு அப்படித்தான் போனது. சுவரில் இறங்கி, தரையில் ஓடி, வாசலைக் கடந்து, மேலே தேயிலைக்குள் ஏறிவிட்டது. ஊசிப்பாறைத் தோட்டத்து மேல்பிரிவில் மூன்று லயம், தொழிலாளர் வரிசை வீடுகள். மேல் லயம், நடு லயம், பணிய லயம். லயத்துக்கு ஒன்பது காம்பரா, குடும்பத்துக்கு ஒரு அறை. இருபத்தேழு காம்பராவிலும் வெடிப்பு. பொன்னையா வீடு நடு லயத்தில் ஐந்தாவது.

ஐப்பசி மழைக்கு மூன்று வாரம் இருந்தது. எதிர்ப்பக்கப் பாறையில் பழைய தேயிலை ஸ்டோர், ஒரு காலத்துத் தொழிற்சாலை, பூட்டிக் கிடந்தது. ஜெயலெட்சுமி ஒருநாள் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டில் தோட்டத்துத் துரையிடம் நேராகவே கேட்டாள்.

"மழை முடியுறவரைக்கும் ஸ்டோரைத் தொறந்து விட்டா நாங்க அங்கன போயி படுத்துக்குவோம், சேர். எங்க வீட்டு ஆளுக்குக் காலு இல்ல. ஓடச் சொன்னா ஓட முடியாது."

"திறக்கலாம். லயம் ஆபத்துன்னு அவதிநிலைப் பணிமனையிலிருந்து சிவப்புக் கடிதம் கொண்டு வாங்க. கடிதம் இல்லாம திறந்தா கொம்பனி என்னைக் கேக்கும்."

சொந்தக்காரர் வீட்டுக்குப் போகலாமே என்று யாராவது கேட்கலாம். லயத்துச் சனத்துக்குச் சொந்தக்காரர் இருப்பதும் இன்னொரு லயத்தில்தான்.

அவதிநிலை அண்ணளவுப் பணிமனை பதுளையில் ஒரு மூன்றுமாடிக் கட்டடத்தில், ஏறுவதற்குச் சிரமமான மாடியில் இருந்தது. காந்தத்தைச் சூடாக்கிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் அதன் காந்தத்தன்மை சட்டென்று போய்விடும். அந்த விளிம்புக்கு அவதிநிலை என்று பெயர். அந்த விளிம்பில் கணக்குகள் சரியாக வருவதில்லை. ஆகவே சரியாக வராத கணக்கை எப்படி அண்ணளவாகப் போடுவது என்று ஆராய்வதற்காகத்தான் பணிமனை திறக்கப்பட்டது. பதுளையில் சூடாக்குவதற்குக் காந்தம் அதிகம் இல்லை. சரிகிற மலைகள் நிறைய இருந்தன. பணிமனைக்கு வேலை இல்லாமல் போய்விடக் கூடாது என்பதற்காக மலைகளை அதனிடம் ஒப்படைத்தார்கள்.

கடிதம் கேட்டு எழுதிப் போட்டதும் அங்கிருந்து தோட்டத்துக்கு அறிவிப்பு வந்தது. வருகிற செவ்வாய்க்கிழமை லயங்களைப் பார்வையிட அதிகாரி வருவார்.

"லயம் பாக்க வாறாங்களாம், மதினி." நாலாம் காம்பரா பாக்கியலெட்சுமி தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் வைத்துச் செய்தி சொன்னாள்.

லயம் பார்க்க வருவது என்றால் தோட்டத்தில் மூன்று தலைமுறையாக ஒரே ஒரு அர்த்தம்தான். துரை வருவார், கூட டொக்டரையா வருவார், அசுத்தமாக இருக்கிற காம்பராக்காரனுக்கு ஏச்சு விழும். அதனால் லயம் பார்க்க வருகிறார்கள் என்றால் தண்ணீர் ஓடுகிற கான் வெட்ட வேண்டும், வாசல் மெழுக வேண்டும், சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும். யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை.

மேல்பிரிவு முழுவதுக்கும் இரண்டு மூட்டைச் சுண்ணாம்புதான் கிடைத்தது. எட்டுக் காம்பராவுக்குத்தான் காணும். பெண்கள் கூடிப் பேசினார்கள்.

"எந்த எட்டுக்கு அடிக்கிறது?"

"இது என்ன கேள்வி? எதெது ரொம்ப மோசமா கெடக்குதோ அதுக்குத்தான். வர்றவங்க கண்ணுக்கு முன்னாடி இந்த வாயப் பொளந்துகிட்டா நிக்கிறது?"

மோசமான எட்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. வெடிப்பு மலையில் ஒரே கோடாக இறங்கியதால், மேல் லயத்தில் நான்கு, நடு லயத்தில் நான்கு. பாக்கியலெட்சுமி காம்பராவும் ஜெயலெட்சுமி காம்பராவும் அதில் அடக்கம். பெண்கள் மண்ணும் சாணியும் குழைத்து வெடிப்பை அடைத்து, மேலே இரண்டு தடவை சுண்ணாம்பு அடித்தார்கள்.

"ஏன்டி, என் அளவுகோலையே மூடிட்டியே," என்றார் பொன்னையா.

"ரெண்டு நாளைக்கு சும்மா இருங்க. ஆள் வந்துட்டுப் போகட்டும்."

"நான் சும்மா இருக்கேன். அது இருக்குமான்னு கேட்டுச் சொல்லு."

செவ்வாய்க்கிழமை வந்தது ஒரு பெண். றுஷ்தா என்று பெயர், பதுளை டவுன் ஆள், நாற்பது வயதிருக்கும். கையில் தொடுதிரை டெப். மலை ஏறி மூச்சு வாங்கியது. ஒவ்வொரு காம்பராவாக எட்டிப் பார்த்தாள். டெப்பில் ஒரே கேள்வி: வெடிப்பு கண்ணுக்குத் தெரிகிறதா? ஆம், இல்லை.

ஐந்தாம் காம்பராவுக்கு வந்தபோது ஜெயலெட்சுமி பிளேன்டீயோடு வாசலில் நின்றாள்.

"வாங்க மிஸ். பாருங்க, எப்புடி வச்சிருக்கோம்."

"மாஷா அல்லாஹ், நல்ல வெள்ளையா ஈக்கு. வெடிப்பு ஒண்டும் இல்லையா?"

ஜெயலெட்சுமிக்குச் சொல்ல வாய் வந்தது. ஆனால் வந்தவர் முதன்முதலில் சொன்னதே நல்ல வார்த்தை. கட்டிலில் பொன்னையா இருமினார். அவள் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். இருமல் நின்றது.

"சுத்தமாத்தான் மிஸ் இருக்கு," என்றாள்.

றுஷ்தா 'இல்லை'யைத் தொட்டாள்.

ஒன்பதாம் நாள் கடிதம் வந்தது. பச்சைத் தாள். 'மேற்குறித்த பிரிவு ஒட்டுமொத்தமாக வெடிப்பற்றது எனக் காணப்படுகிறது. குடியிருப்பாளர்கள் அச்சமின்றி வசிக்கலாம்.' துரை அதைப் பெரட்டுக் களத்தில் வாசித்துக் காட்டி, ஸ்டோர்ச் சாவியை மேசை லாச்சிக்குள் போட்டார்.

"இருபத்தேழுல பத்தொம்பது காம்பராவுல வெடிப்பு அப்பட்டமா தெரிஞ்சிச்சே," என்றாள் பாக்கியலெட்சுமி. "அந்த மிஸ்ஸுக்குக் கண்ணு தெரியாதா?"

மறுநாள் ஜெயலெட்சுமி வேலைக்குப் போகவில்லை. பொன்னையாவின் கவ்வாத்துக் கத்தியை எடுத்துச் சுவரைச் சுரண்டினாள். சுண்ணாம்பு உதிர்ந்தது, அடைத்த மண் உள்ளே விழுந்தது. எவ்வளவு ஆழத்துக்கு விழுந்தது என்று தெரியவில்லை. சத்தம் வரவில்லை.

பொன்னையா குச்சிகளை எடுத்தார். "ஒம்பது," என்றார். பிறகு, "மூடி வச்சா நின்னுரும்னு நானும் கொஞ்சம் நம்பிட்டேன், புள்ள," என்றார்.

அவள் பதுளைக்கு பஸ் ஏறினாள்.

பணிமனையில் றுஷ்தா அவளை அடையாளம் கண்டு உட்காரச் சொன்னாள். ஜெயலெட்சுமி உட்காராமலேயே கேட்டாள்.

"மிஸ், பத்தொம்பதுல வெடிப்பு, எட்டுல இல்ல. இதுல எப்புடி மிஸ் வெடிப்பு இல்லன்னு வரும்?"

றுஷ்தா மேசைமேல் இருந்த பேப்பர் கிளிப்புகளை எடுத்து மூன்று மூன்றாக வைத்தாள்.

"இருபத்தேழையும் தனித்தனியா கணக்குப் போட ஏலாது. அதனால மூணு காம்பராவ சேர்த்து ஒரு கட்டமா எடுக்கிறம். மூணுல ரெண்டு எப்படியோ, கட்டமும் அப்படித்தான். ரெண்டுல வெடிப்பு இல்லாட்டி கட்டத்துலயே வெடிப்பு இல்ல. பொறகு மூணு கட்டத்த சேர்த்து ஒரு லயம். அதுக்கும் அதே சட்டம். மூணு லயத்த சேர்த்து ஒரு பிரிவு."

ஜெயலெட்சுமி கிளிப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பணிய லயம் பூரா வெடிப்பு."

"ஓம். ஆனா மேல் லயத்துல ரெண்டு கட்டம் நல்லம். நடு லயத்துல ரெண்டு கட்டம் நல்லம். லயம் ரெண்டும் நல்லம் எண்டு ஆகுது. மூணு லயத்துல ரெண்டு நல்லம் எண்டா…"

"அந்த எட்டுந்தான் மிஸ் இருக்குறதுலயே மோசம். வெள்ளை அடிச்சது நாங்க."

றுஷ்தாவின் கை ஒரு கிளிப்பின் மேல் நின்றது.

"ஏன் அடிச்சீங்க?"

"லயம் பாக்க வாறீங்கன்னு சொன்னாங்க."

றுஷ்தா ஒரே ஒரு கிளிப்பை, நடு லயத்து ஐந்தாவதை, வெடிப்பு உண்டு என்று திருப்பி வைத்தாள். அந்தக் கட்டம் மாறியது. கட்டம் மாறியதும் லயம் மாறியது. லயம் மாறியதும் பிரிவு மாறியது.

"உங்கட காம்பரா ஒண்டே போதும்," என்றாள் மெதுவாக. "சிவப்பாயிரும்."

ஜெயலெட்சுமி அப்போதுதான் உட்கார்ந்தாள்.

"சேர்கிட்ட கூட்டிட்டுப் போறேன். வாங்க."

பணிப்பாளர் கலாநிதிப் பட்டம் பெற்றவர். அறையில் ஒரு பெரிய காந்தம் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. அதைத் தொடக் கூடாது என்று எழுதியிருந்தது. அவர் ஜெயலெட்சுமி சொன்னதை முழுவதும் கேட்டார். இடைமறிக்கவில்லை. கேட்டு முடித்து, அவளுக்காகப் பரிதாபப்பட்டவர் போலச் சிரித்தார்.

"அம்மா, நீங்கள் விவரங்களைச் சொல்கிறீர்கள். இந்தச் சுவர், அந்தச் சுண்ணாம்பு, உங்கள் கணவரின் கால். அவதிநிலைக்குக் கிட்ட வந்துவிட்டால் விவரங்கள் முக்கியமே இல்லை. காந்தமானாலும் சரி, மலையானாலும் சரி, எல்லாம் ஒரே மாதிரித்தான் நடந்துகொள்ளும். அதுதான் எங்கள் துறையின் அழகு."

"அழகு சரி சேர். மழை வருது."

"வரட்டும். உங்கள் காம்பரா தனியாக நிற்பதாக நினைக்கிறீர்கள். அப்படி இல்லை. ஊவா மாகாணத்தின் சராசரி அதைச் சுற்றி நிற்கிறது. மலைகளையும் எடுத்தோம், மொனராகலைச் சமவெளியையும் எடுத்தோம், எல்லாவற்றையும் கூட்டி வகுத்தோம். சராசரிச் சரிவு மிக மிகக் குறைவு. அங்குள்ள கரும்புத் தோட்டங்கள்தான் உங்களைத் தாங்கிப் பிடித்திருக்கின்றன."

"மொனராகலையில இருந்தா, சேர்?"

"கணக்கில்."

ஜெயலெட்சுமி றுஷ்தாவைப் பார்த்தாள். றுஷ்தா கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தாள்.

"இன்னொன்றும் சொல்கிறேன். இந்தச் சராசரி முறை நாலு பரிமாணத்தில் அப்பழுக்கில்லாமல் சரியாக வரும்."

"எங்க லயம் எத்தனையில இருக்கு, சேர்?"

"மூன்றில்."

"அப்ப?"

"நாலுக்கும் மூன்றுக்கும் என்ன வித்தியாசம்? ஒன்று. அந்த ஒன்றை மிகச் சிறிய எண் என்று எடுத்துக்கொள்கிறோம்."

"ஒண்ணு சின்னதா, சேர்?"

"எதோடு ஒப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்தது," என்றார் பணிப்பாளர். "உலகம் முழுவதும் அப்படித்தான் செய்கிறார்கள். நல்ல விடைகள் வந்திருக்கின்றன."

உலகம் முழுவதும் அதைக் காந்தத்துக்குத்தான் செய்கிறார்கள், காந்தத்துக்குள் யாரும் குடியிருப்பதில்லை என்பதை அவர் சொல்லவில்லை. கேட்கிறவர்களும் இல்லை. கடைசியில் ஒரு படிவம் கொடுத்தார். மீள்பரிசோதனைக்கான விண்ணப்பம். ஜெயலெட்சுமி கையெழுத்து வைத்தாள்.

பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் றுஷ்தா கூட வந்தாள்.

"நான் வந்து பாக்கிறேன். ஒரு 'ஆம்' போட்டா முடிஞ்சிது. யோசிக்காதீங்க."

சொன்னபடி வந்தாள், நாலு நாள் கழித்து. மழை தொடங்கியிருந்தது. சுரண்டிய சுவரைப் பார்த்தாள். பொன்னையா அவளுக்குக் குச்சி வைத்து அளந்து காட்டினார்.

"பன்னண்டு, மிஸ். இனி குச்சி வச்சு ஆகாது. பெட்டியையே வைக்கணும்."

"நீங்க பயப்படலையா?"

"எனக்கென்ன மிஸ். ஒத்தைக் காலுதான். மலை வந்தா மத்தவங்களுக்கு ரெண்டு காலு போவும், எனக்கு ஒண்ணுதான் நட்டம்."

"வாயக் கழுவுங்க," என்றாள் ஜெயலெட்சுமி.

றுஷ்தா 'ஆம்' போட்டாள். அந்த ஒரு 'ஆம்' கட்டத்தை மாற்றி, லயத்தை மாற்றி, பிரிவை மாற்றி, டெப்பில் சிவப்பாக நின்றது. அவள் அதைத் திருப்பிக் காட்டினாள். பாக்கியலெட்சுமி எட்டிப் பார்த்து, "இம்புட்டுத்தானா செவப்பு," என்றாள். "கேட்டிருந்தா என் செவப்புப் பொடவையிலயே கிழிச்சுக் குடுத்திருப்பேனே."

அன்றைக்குப் பொன்னையா நிறையப் பேசினார். ஸ்டோருக்குப் போனால் எந்த ஜன்னலோரம் தன்னைப் போட வேண்டும் என்று சொன்னார். அந்த ஸ்டோரில்தான் ஜெயலெட்சுமி சின்னப் பெண்ணாகத் தூள் சலித்தாள். கொழுந்து மூட்டை இறக்க வந்த சாக்கில் தான் அவளை முதலில் பார்த்த ஜன்னல் அது என்றார்.

"நான் உங்களைப் பாக்கல," என்றாள் அவள்.

"தெரியும். அதுக்குத்தான் ரெண்டு மூட்டைய வேணும்னே கீழ போட்டேன்."

சிவப்புக் கடிதம் வரவில்லை. நாலு நாள் ஆனது, ஆறு நாள் ஆனது. மழை விடவில்லை. பத்தாம் நாள் விடியக்காலையிலேயே றுஷ்தாவிடமிருந்து போன் வந்தது. சேருக்குச் சில சந்தேகம் இருக்கிறது, விண்ணப்பதாரி நேரில் வந்து விளக்கம் சொன்னால் இன்றைக்கே கையெழுத்து வைப்பார்.

"போயிட்டு வா," என்றார் பொன்னையா. "பாக்கியம் பாத்துக்கும்."

"நான் அண்ணனைப் பாத்துக்கிறேன், மதினி. நீங்க போயி அந்த மனுசன் கையப் புடிச்சாவது கையெழுத்த வாங்கிட்டு வாங்க."

மழைக்குப் பஸ் ஊர்ந்து ஊர்ந்து போனது. பத்தரைக்குத்தான் அவள் மாடி ஏறினாள். சேலை முழங்கால் வரை நனைந்திருந்தது. தரையில் ஈரம் சொட்டாமல் இருக்க முந்தானையைப் பிழிந்து பிடித்துக்கொண்டு நின்றாள்.

"உங்கள் வெடிப்பு தானாகத் தெரிந்ததா, யாராவது தெரிய வைத்தார்களா?" என்று கேட்டார் பணிப்பாளர்.

"நான்தான் சேர் சுரண்டினேன்."

"அதுதான் சிக்கல். நாங்கள் அவதிநிலையை ஆராயும்போது வெளியிலிருந்து எந்த விசையும் இருக்கக் கூடாது. கத்தி என்பது புறவிசை. கத்தியால் வந்த வெடிப்பை எடுக்க முடியாது."

"வெடிப்பு கத்தியால வரல சேர். கத்தியால சுண்ணாம்புதான் போச்சு. அந்தச் சுண்ணாம்பும் நாங்க அடிச்சதுதானே. அது மட்டும் புறவிசை இல்லையா?"

பணிப்பாளர் பேனாவை வைத்தார். கேள்வி அவருக்குப் பிடித்துப்போனது.

"நல்ல கேள்வி. சுண்ணாம்பு பராமரிப்பு. சுற்றறிக்கையில் இருக்கிறது. சுரண்டுவது இல்லை."

"சேர்," என்றாள் றுஷ்தா. "நான் கண்ணால கண்டேன். கை நுழையிற அளவு ஈக்கு. மலைக்குள்ளயே போகுது. எனக்காக ஒரு கையெழுத்து வைங்க."

"மிஸ் றுஷ்தா, நீங்கள் ஒரு தனிச் சுவரைப் பார்த்து உணர்ச்சிவசப்படுகிறீர்கள். அடிப்படையை மறந்துவிட்டீர்கள். உண்மையான நிலைமாற்றம், சட்டென்ற அந்தத் தாவல், எப்போது நடக்கும்? தொகுதி முடிவிலியாக இருந்தால் மட்டும்தான் நடக்கும். எண்ணிக்கைக்கு முடிவு இருக்கிற இடத்தில் கணித ரீதியாக அப்படி ஒன்று நிகழவே முடியாது. மாற்றம் வழவழப்பாக, மெல்ல மெல்ல, யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல்தான் வரும். அம்மா, உங்கள் பிரிவில் எத்தனை காம்பரா?"

"இருபத்தேழு, சேர்."

"பார்த்தீர்களா. முடிவிலியில்லை."

ஜெயலெட்சுமியின் போன் சேலை மடிப்புக்குள் அடித்தது. பணிப்பாளர் முகம் சுளித்தார். அவள் எடுக்கவில்லை. அது நின்று மறுபடி அடித்தது. எடுத்தாள்.

மறுமுனையில் பாக்கியலெட்சுமி. முதலில் மூச்சுதான் கேட்டது.

"மதினி, வெடிப்புக்குள்ள இருந்து சேத்துத் தண்ணி வந்திச்சு. அண்ணன் குச்சிப் பெட்டிய வச்சுப் பாத்துட்டு, பாக்கியம், நாலு ஆளக் கூட்டிக்கிட்டு ஓடி வா, கம்பிளியில தூக்கிருவோம்னு சொன்னாரு. நான் ஒருத்தியே தூக்குறேன்னேன். ஏன்டி, தூக்கிப் போட்டு மத்தக் காலையும் ஒடைக்கவா, போன்னு வெரட்டுனாரு. ஆம்பளைங்க வேலை செய்யுற மலைக்கு ஓடுனேன், மதினி. வந்தாங்க. ஓடித்தான் வந்தாங்க."

"பொறகு?"

"லயம் இல்ல, மதினி."

பணிப்பாளர் பொறுமையாகக் காத்திருந்தார். விளக்கம் இன்னும் முடியவில்லை.

அன்றைக்கு வேலை நாள். ஆட்கள் தேயிலையில், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். கிளினிக் நாளாகவும் இருந்ததால் வயதானவர்கள் கீழே டிஸ்பென்சரியில். மூன்று லயமும் போயின. இருபத்தேழு குடும்பத்திலும் இறந்தது ஒரே ஒரு ஆள். இரண்டு நாள் தோண்டி எடுத்தார்கள். வலது கைக்குள் தீப்பெட்டி இருந்தது.

பழைய ஸ்டோர் அன்றைக்குப் பின்னேரமே திறக்கப்பட்டது. துரைக்கு அதற்குக் கடிதம் எதுவும் தேவைப்படவில்லை.

ஒரு வாரம் கழித்துப் பணிமனை மீள்பரிசோதனை செய்தது. இருபத்தேழு இடத்துக்கும் அதே கேள்வி: வெடிப்பு கண்ணுக்குத் தெரிகிறதா? சுவர் இருந்தால்தானே வெடிப்பு தெரியும். இருபத்தேழுக்கும் 'இல்லை' விழுந்தது. பச்சைக் கடிதம் ஒன்று வந்தது. குடியிருப்பாளர்கள் அச்சமின்றித் திரும்பலாம்.

அதற்கு மறு வாரம் இன்னும் இருபத்தேழு கடிதங்கள் வந்தன, குடும்பத்துக்கு ஒன்று. இம்முறை வெள்ளைத் தாள், கறுப்புக் கரை. பணிப்பாளரே கையெழுத்து வைத்திருந்தார். பாக்கியலெட்சுமி தன் கடிதத்தைக் கொண்டுபோய் ஸ்டோர் வெளிச்சத்தில் பிடித்து எழுத்துக்கூட்டி வாசித்தாள்.

"'தங்கள் காம்பராவில் ஏற்பட்ட பூச்சியம் தசம் பூச்சியம் மூன்று ஏழு நபர் இழப்புக்கு ஆழ்ந்த அனுதாபங்கள். இது அண்ணளவாகப் பூச்சியம் என்பது ஆறுதலுக்குரியது.' என்ன இது? எங்க வீட்டுல யாரும் சாகலையே."

"எனக்கும் அப்படித்தான் வந்திருக்கு," என்றாள் மேல் லயத்து விஜயலெட்சுமி. "எல்லாருக்கும் ஒரே அளவு."

பிறகு பாக்கியலெட்சுமி எழுந்து போனாள். கொழுந்து மூட்டை இறக்குகிற ஜன்னலோரம் ஜெயலெட்சுமி உட்கார்ந்திருந்தாள். கடிதத்தை அவள் மடியில் வைத்தாள்.

"இது உங்களோடது, மதினி. எங்ககிட்ட எதுக்கு?"

விஜயலெட்சுமி தன்னுடையதைக் கொண்டுவந்தாள். பிறகு மற்றவர்கள், ஆணும் பெண்ணுமாக, வரிசையில் வருவதுபோல வந்து ஒவ்வொன்றாக வைத்தார்கள். இருபத்தாறு கடிதம் சேர்ந்தது. அவளுடையதோடு இருபத்தேழு.

றுஷ்தா அன்றைக்கு வந்திருந்தாள், அலுவலாக இல்லை. இரண்டு கம்பளியும் ஒரு பேக் சாமானும் கொண்டுவந்து, எங்கே உட்காருவது என்று தெரியாமல் கதவோரமே நின்றாள்.

"மிஸ்," என்று கூப்பிட்டாள் ஜெயலெட்சுமி. "இங்கன வாங்க. இதெல்லாத்தையும் கூட்டிச் சொல்லுங்க. ஒரு ஆள் வருதான்னு பாப்போம்."

றுஷ்தா போனில் பெருக்கினாள். விடையைப் பார்த்துவிட்டு இன்னொரு தடவை பெருக்கினாள்.

"பூச்சியம் தசம் ஒம்பது ஒம்பது ஒம்பது."

"அப்புடின்னா?"

"ஆயிரத்துல தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்பது பங்கு."

"ஒரு பங்கு குறையுது."

"ஓம்."

"எங்க போச்சு?"

றுஷ்தாவுக்குத் தெரியும். மூன்றாம் தானத்துக்குப் பிறகு வந்த எண்களை வெட்டியது பணிமனைதான். அவளே எத்தனையோ தடவை வெட்டியிருக்கிறாள். தலையைக் குனிந்துகொண்டு, "அண்ணளவுல விடுபட்டுப் போச்சு," என்றாள்.

ஜெயலெட்சுமி கடிதங்களை ஓரம் சரிபார்த்து அடுக்கினாள். ஏதோ கேட்க நினைத்து எதிர்ச்சுவரைப் பார்த்தாள். ஸ்டோர்ச் சுவர் கருங்கல். அதில் வெடிப்பு எதுவும் இல்லை.

"பெரிய பங்கெல்லாம் அவங்களே வச்சிக்கட்டும், மிஸ்," என்று அடுக்கை றுஷ்தாவின் கையில் கொடுத்தாள். "அந்த ஒரு பங்கை மட்டும் தேடித் தரச் சொல்லுங்க. என்கிட்ட பேசிக்கிட்டு இருந்தது அதுதான்."